கேட்கத் தெரியாத பிள்ளை

(மழலையர் பள்ளி ஆசிரியைகளும் பெற்றோரும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று மாலை நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், யூதர்களின் மழலையர் வகுப்பறையில் விளையாட்டும் கல்வியும்.

எங்கோ இருக்கிற யூதப் பிள்ளைகளைப் பற்றி இங்கே எதற்குப் பேச வேண்டும்? சொல்கிறேன். கி.பி. 70-ல் ரோமானியப் படை எருசலேம் ஆலயத்தை இடித்துத் தள்ளியது. அதன் பிறகு அந்த மக்கள் நாடு நாடாகச் சிதறினார்கள். பேசும் மொழி மாறியது. உடுத்தும் உடை மாறியது. ஆண்ட அரசுகள் மாறின. ஆனால் ஒன்று மாறவில்லை. ஆண்டுதோறும் ஒரே இரவில், ஒரே கேள்விகளை, வீட்டின் மிகச் சிறிய பிள்ளை எழுந்து கேட்டது. ஆலயம் இல்லாமல் வாழ்ந்தார்கள். நிலம் இல்லாமல் வாழ்ந்தார்கள். கேட்கிற பிள்ளை இல்லாமல் வாழ முடியாது என்று முடிவு செய்தார்கள். பிள்ளையைக் கேட்க வைப்பது எப்படி என்ற கலையை அவர்கள் வளர்த்தது அப்படித்தான். அந்தக் கலை இன்று மூன்று வயதுப் பிள்ளைகளின் வகுப்பறையில் என்ன கோலத்தில் இருக்கிறது? அதைத்தான் நாம் பார்க்கப் போகிறோம்.

வாருங்கள், ஒரு வகுப்பறைக்குள் போவோம்.

வெள்ளிக்கிழமை காலை. அந்தப் பள்ளி டெல் அவிவில் இருக்கலாம். நியூயார்க்கில் ஒரு ஜெப ஆலயத்தின் கட்டடத்துக்குள் நடக்கிற பள்ளியாக இருக்கலாம். பியூனஸ் அயர்ஸாக இருந்தாலும் சரி, வெள்ளிக்கிழமை காலை என்றால் அங்கே மாவு வாசனை வரும். அன்று சூரியன் மறைந்ததும் ஷபாத் தொடங்குகிறது; யூதர்களின் ஓய்வுநாள். சனிக்கிழமை இரவு விண்மீன் தெரியும்வரை வேலை இல்லை. அந்த இரவு உணவுக்குப் பின்னிய ரொட்டி வேண்டும். அதன் பெயர் ஹல்லா. அந்த ரொட்டியைப் பிள்ளைகள்தான் செய்கிறார்கள்.

ஒரு பிள்ளை மாவை அளந்து போடுகிறது. இன்னொன்று தண்ணீர் ஊற்றுகிறது, கொஞ்சம் மேசையிலும் ஊற்றுகிறது. ஈஸ்ட் நுரைத்து வருவதைக் குனிந்து பார்க்கிறார்கள். பிசைகிறார்கள். பிறகு? பிறகு காத்திருக்க வேண்டும். மாவு பொங்குவதற்கு நேரம் ஆகும். நான்கு வயதுப் பிள்ளைக்குக் காத்திருப்பதைப் போலக் கடினமான பாடம் வேறு உண்டா? "பொறுமையாக இரு" என்று நூறு முறை சொன்னாலும் வராதது, ஈரத் துணியைத் தூக்கித் தூக்கி எட்டிப் பார்க்கும்போது வந்துவிடுகிறது. மாவு தயாரானதும் ஆளுக்கு மூன்று உருண்டை. ஒவ்வொன்றையும் நீளமாக உருட்டி, மூன்று புரியாகப் பின்ன வேண்டும். வலது, நடு, இடது, நடு. சிலருடையது பின்னலாக வரும். சிலருடையது முடிச்சாக வரும். நல்ல ஆசிரியை இந்த இடத்தில் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வாள். கோணலான அந்த ரொட்டி கோணலாகவே வெந்து, கோணலாகவே வீட்டுக்குப் போய், இரவு உணவு மேசையின் நடுவில் அமரும். வீட்டார் ஆசி கூறி, பிட்டு, உண்பார்கள். தான் செய்த ஒன்றை வைத்து ஒரு குடும்பம் முழுவதும் ஓய்வுநாளைத் தொடங்குகிறது என்பதைக் கண்ணால் பார்க்கிற பிள்ளையின் மனநிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அந்த ரொட்டிக்கு யாராவது மதிப்பெண் போட வேண்டுமா?

ரொட்டி அடுப்பில் இருக்கும்போதே வகுப்பில் இன்னொரு ஏற்பாடு நடக்கும். இஸ்ரேலின் பல பாலர் பள்ளிகளில் வாரம் ஒரு சிறுமி "ஷபாத் அம்மா", ஒரு சிறுவன் "ஷபாத் அப்பா". வெள்ளை விரிப்பு, மெழுகுவர்த்திகள், சிறு கிண்ணத்தில் திராட்சைச் சாறு. ரொட்டியின் மேல் பிள்ளைகள் வண்ணம் தீட்டிய ஒரு துணி. விளக்கு ஏற்றுமுன் தர்மப் பெட்டி கைக்குக் கை போகும், ஆளுக்கொரு நாணயம். பெட்டி நிறைந்ததும் அதை யாருக்குக் கொடுப்பது என்று பிள்ளைகளையே கூடிப் பேச விடும் பள்ளிகள் உண்டு. நாய்களுக்கா, நோயாளிகளுக்கா, பக்கத்துத் தெருவில் இருக்கிற பாட்டிக்கா? ஐந்து வயதுப் பிள்ளைகள் ஈகையைப் பற்றி விவாதிப்பதைவிட உயர்ந்த ஒரு பாடவேளையை நான் அறியேன்.

இப்போது ஒரு கேள்வி. இதெல்லாம் சடங்குதானே? பெரியவர்கள் எழுதிக் கொடுத்த நாடகத்தைப் பிள்ளைகள் நடிக்கிறார்கள், இதில் விளையாட்டு எங்கே இருக்கிறது?

நியாயமான கேள்வி. விடை வெள்ளிக்கிழமை கிடைக்காது. திங்கட்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை. பொம்மை மூலையில் இரண்டு பிள்ளைகள் களிமண்ணை உருட்டிப் பின்னிக்கொண்டிருக்கும். ஒரு கரடி பொம்மை ஷபாத் அப்பாவாக அமர்ந்திருக்கும். மரக்கட்டைகள் இரண்டு மெழுகுவர்த்தியாக நிற்கும். டைனோசர் ஒன்று விருந்தாளியாக வந்திருக்கும். "டைனோசருக்குத் திராட்சைச் சாறு பிடிக்காது" என்று ஒரு பிள்ளை சொல்லும். "அப்படியானால் அதற்கு இலை கொடு" என்று இன்னொன்று சொல்லும். வெள்ளிக்கிழமை கொடுத்தது திங்கட்கிழமை அவர்களுடைய சொந்தமாகிவிட்டது. கற்றதா இல்லையா என்று அறிய எனக்குத் தெரிந்த தேர்வு இது ஒன்றுதான்: யாரும் பார்க்காதபோது பிள்ளை அதை விளையாடுகிறதா?

இதை ஓர் அறிவியலாளர் ஆழமாகச் சிந்தித்திருக்கிறார். லெவ் விகாட்ஸ்கி. 1896-ல் ஓர்ஷா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர்; கோமெல் நகரில் வளர்ந்தவர். 37 வயதிலேயே காசநோயில் மறைந்துவிட்டார். மறைவதற்கு முந்தைய ஆண்டு, 1933-ல், லெனின்கிராடில் விளையாட்டைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். விளையாட்டு என்றால் பிள்ளை இஷ்டம்போல் இருப்பது என்றுதானே நாம் நினைக்கிறோம்? அவர் அதை மறுத்தார். இரண்டு சகோதரிகள் "நாம் அக்கா தங்கை விளையாட்டு விளையாடலாம்" என்று தொடங்குவதை எடுத்துக்காட்டினார். அவர்கள் உண்மையிலேயே அக்கா தங்கைதான். ஆனால் விளையாட்டில் இறங்கியதும் கைகோத்துக்கொள்கிறார்கள், ஒரே மாதிரி உடுத்திக்கொள்கிறார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். வாழ்க்கையில் கவனிக்காமல் விட்ட விதி, விளையாட்டில் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த விதிக்குப் பிள்ளை தானே விரும்பிக் கட்டுப்படுகிறது. "ஷபாத் அப்பா" ஆன சிறுவன் ஏன் அன்று மட்டும் ரொட்டியைப் பறிக்காமல், பொறுமையாக எல்லோருக்கும் பிட்டுக் கொடுக்கிறான்? விகாட்ஸ்கியைப் படித்தால் விளங்கும்.

இனி, நான் முதலில் சொன்ன அந்த இரவுக்கு வருகிறேன்.

வசந்தத்தில் பாஸ்கா பண்டிகை. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து முன்னோர் விடுபட்ட கதையை இரவு விருந்தில் சொல்ல வேண்டும். சேதர் என்று அந்த விருந்துக்குப் பெயர். கதையைச் சொல்ல வேண்டும் என்றால் பெரியவர் எழுந்து சொல்லிவிடலாமே? அப்படிச் செய்யவில்லை. பிள்ளை கேட்ட பிறகுதான் சொல்ல வேண்டும் என்று வைத்தார்கள். பிள்ளை கேட்பதற்காக அந்த இரவையே விசித்திரமாக ஆக்கினார்கள். காய்கறியை உப்புநீரில் தோய்ப்பார்கள். புளித்த ரொட்டி இருக்காது; தட்டையான மட்ஸாதான் இருக்கும். சாய்ந்து உட்கார்ந்து உண்பார்கள். பிள்ளைக்கு ஐயம் வர வேண்டும்: ஏன் இந்த இரவு மட்டும் இப்படி?

ரபி அகிவா என்ற பேரறிஞரைப் பற்றி, யூதர்களின் பழைய சட்டநூலான தல்மூத் ஒரு செய்தி சொல்கிறது. பாஸ்காவை ஒட்டி அவர் பிள்ளைகளுக்கு வறுத்த தானியமும் கொட்டைப் பருப்பும் பங்கிட்டுக் கொடுப்பாராம். எதற்கு? அவர்கள் தூங்கிவிடாமல் விழித்திருந்து கேள்வி கேட்பதற்கு. எத்தனை பெரிய மனிதர்! நூல்களைக் கரைத்துக் குடித்தவர். அவர் பை நிறையப் பருப்பை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையின் கேள்விக்காகக் காத்திருந்தார். மட்ஸாவில் ஒரு துண்டை மறைத்து வைக்கும் வழக்கமும் இதே நோக்கத்தோடு வந்ததுதான். பிள்ளை அதைக் கண்டுபிடித்துப் பரிசு கேட்கும்; அந்தத் துண்டு திரும்பக் கிடைக்காமல் விருந்தை முடிக்க முடியாது. கல்வியின் சாவி பிள்ளையின் கையில்!

அந்த இரவில் படிக்கும் ஹகாதா என்ற நூலில் நான்கு பிள்ளைகள் வருகிறார்கள். அறிவுள்ள பிள்ளை, முரட்டுப் பிள்ளை, எளிய பிள்ளை. நான்காவது, கேட்கவே தெரியாத பிள்ளை. முதல் மூவருக்கும் அவரவர் கேள்விக்கேற்ற விடை உண்டு. நான்காவது பிள்ளைக்கு என்ன செய்வது? நீயே தொடங்கி வை என்கிறது அந்த நூல்.

ஆசிரியைகளே, உங்கள் வகுப்பில் இருப்பவர்கள் யார்? அந்த நான்காவது பிள்ளைகள்தான். மூன்று வயதில் கேள்வி முழுதாக வாய்க்கு வராது. கண்ணில் இருக்கும், விரலில் இருக்கும். அதை நீங்கள் தொடங்கி வைக்க வேண்டும். யூத மழலையர் பள்ளிகள் எப்படித் தொடங்கி வைக்கின்றன? தரையில் நீலத் துணியை விரித்து, எகிப்திலிருந்து தப்பிய முன்னோர் கடந்த கடலாக்குகிறார்கள். அதை இரண்டாகப் பிரித்து நடுவே நடக்க விடுகிறார்கள். மரக்கட்டையால் பிரமிடு கட்டுகிறார்கள். கட்டியவர்களுக்கு ஓய்வே கொடுக்காமல் "இன்னும் கட்டு, இன்னும் கட்டு" என்று ஒரு பிள்ளை எகிப்திய அரசன் பார்வோனாக நின்று அதட்டுகிறது. "எனக்குக் கால் வலிக்கிறது, நான் ஏன் கட்ட வேண்டும்?" என்று ஒரு பிள்ளை கட்டையைக் கீழே போடும் அந்த நொடியில் அடிமைத்தனம் என்றால் என்ன என்ற கேள்வி பிறந்துவிட்டது. மட்ஸா செய்யும்போது மாவில் தண்ணீர் பட்ட நேரத்திலிருந்து 18 நிமிடத்துக்குள் அது வெந்துவிட வேண்டும், தாமதித்தால் புளிக்கும். கடிகாரத்தைப் பார்த்து, ஓட்டமும் சிரிப்புமாக உருட்டித் தேய்க்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஹல்லாவுக்குக் காத்திருந்த அதே கைகள், இங்கே காத்திருக்கக் கூடாது என்று கற்கின்றன. ஒரே மாவு, இரண்டு காலம். எகிப்திலிருந்து அவசரமாகப் புறப்பட்ட கதை இனி அந்தப் பிள்ளைக்குப் புரியாமல் போகுமா?

யூதர்களின் பள்ளி வரலாறு முழுவதும் இப்படியே இருந்ததா? இல்லை.

முதல் நூற்றாண்டில் தலைமை ஆசாரியராக இருந்த யோசுவா பென் கம்லா, ஊர்தோறும் ஆசிரியரை நியமித்து, ஆறு ஏழு வயதில் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க ஏற்பாடு செய்தார் என்கிறது தல்மூத். 25 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். 40 ஆனால் அவருக்கு ஓர் உதவியாளர். 50 ஆனால் இரண்டு ஆசிரியர்கள் என்று அங்கேயே கணக்கும் இருக்கிறது. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய கணக்கு அது! நம்மில் எத்தனை பேருக்கு அந்த வசதி இன்று கிடைத்திருக்கிறது? அதே பகுதியில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் அறிவுரை உண்டு. படிக்கிற பிள்ளை படிக்கட்டும். படிக்காத பிள்ளையை வெளியே தள்ளாதே, மற்றவர்களுக்குத் துணையாக அவன் உட்கார்ந்திருக்கட்டும்.

இடைக்கால ஜெர்மனியில் எழுத்தறிவிப்பு ஒரு விழாவாக நடந்தது. தந்தை பிள்ளையைத் துணியில் போர்த்தித் தூக்கிக்கொண்டு ஆசிரியரிடம் போவார். பலகையில் எழுத்துகள், எழுத்துகளின் மேல் தேன். பிள்ளை நக்கிச் சுவைக்கும். உங்கள் மனத்தில் விஜயதசமியும் அரிசித் தட்டும் தோன்றியிருக்கும், எனக்கும் தோன்றியது.

ஆனால் தேன் ஒரு நாள்தான். மறுநாள் முதல்? கிழக்கு ஐரோப்பாவில் ஹேதர் எனப்பட்ட ஒற்றை அறைப் பள்ளிகளில் சிறு பையன்கள் நாள் முழுவதும் பெஞ்சில் அடைந்து கிடந்தார்கள். ஆசிரியர் கையில் வார் இருந்தது. பெண் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அந்தக் கதவு திறக்கவே இல்லை. சேதர் இரவில் பிள்ளையை அரசனாக்கிய அதே சமூகம், மறு மாதம் அவனைப் பெஞ்சில் கட்டிப்போட்டது. இதை மறைத்துப் பேசினால் நான் உங்களுக்கு உண்மையாக இருந்தவன் ஆகமாட்டேன்.

மாற்றம் எங்கிருந்து வந்தது? ஜெர்மனியில் ஃப்ரோபெல் 1837-ல் தொடங்கிய பாலர் பள்ளி இயக்கம் உலகெங்கும் பரவியது. 1898-ல், அன்று துருக்கிய ஆட்சியில் இருந்த பாலஸ்தீனத்தில், ரிஷோன் லெட்சியோன் என்ற குடியேற்ற ஊரில் முதல் எபிரேயப் பாலர் பள்ளி திறந்தது. அங்கே போன இளம் ஆசிரியைகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். எபிரேயம் பெரும்பாலும் வழிபாட்டுக்கும் நூலுக்குமே பல நூற்றாண்டு பயன்பட்ட மொழி. அதில் ஊஞ்சல் பாட்டு கிடையாது. மழைப் பாட்டு கிடையாது. பொம்மையைத் திட்டச் சொல் கிடையாது. இல்லாததை எல்லாம் அவர்களே உண்டாக்க வேண்டியிருந்தது. பின்னாளில் லெவின் கிப்னிஸ் போன்றவர்கள் பாலர் பள்ளிக்கென்றே நூற்றுக்கணக்கில் பாட்டும் கதையும் எழுதினார்கள். பிள்ளைகள் அந்த மொழியில் சண்டை போட்டார்கள், கண்ணாமூச்சி ஆடினார்கள், வீட்டுக்குப் போய் அம்மாவுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். ஒரு மொழி மீண்டும் பேச்சு மொழியானதில் அகராதி எழுதியவர்களின் பெயர் நிலைத்திருக்கிறது. அந்த ஆசிரியைகளின் பெயர்களை எத்தனை பேர் சொல்கிறார்கள்?

ஒருவரைப் பற்றிப் பேசாமல் இந்தப் பொருளைக் கடக்க முடியாது. வார்சாவில் வாழ்ந்த மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக். யூத அனாதைப் பிள்ளைகளுக்காக 1912-ல் திறந்த இல்லத்தை நடத்தியவர். அங்கே பிள்ளைகளுக்கு ஒரு நீதிமன்றம் இருந்தது, நீதிபதிகளும் பிள்ளைகள்தான், பெரியவர்கள் மீதும் வழக்குப் போடலாம். கோர்ச்சாக்கே அதன் முன் நின்றிருக்கிறார். பிறகு நாஜிகள் வந்தார்கள். யூதர்களை அடைத்து வைத்த கெட்டோவின் சுவருக்குள் இல்லமும் அடைபட்டது. பசி, நோய், தெருவில் பிணம். 1942 ஜூலையில் அந்தப் பிள்ளைகள் ஒரு நாடகம் போட்டார்கள். எந்த நாடகம் தெரியுமா? நம் ரவீந்திரநாத் தாகூரின் அஞ்சல் நிலையம். நோயுற்று அறைக்குள் அடைபட்ட சிறுவன் சன்னல் வழியாகப் போவோர் வருவோரிடமெல்லாம் பேசுகிற கதை. மூன்று வாரம்கூட ஆகவில்லை. சுமார் 200 பிள்ளைகளையும் கோர்ச்சாக்கையும் அவருடன் உழைத்த ஸ்தெஃபானியா வில்சின்ஸ்காவையும் ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். விளையாட்டு என்பது வயிறு நிறைந்த பிறகு வருகிற ஆடம்பரம் என்று யாராவது உங்களிடம் சொன்னால், இந்த நாடகத்தை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

இன்றைய வகுப்பறைக்குத் திரும்புவோம். இன்றும் ஓர் ஆபத்து இருக்கிறது. அதற்குப் பெயர் கைவேலை. பண்டிகை வந்தால் போதும்; ஆசிரியை முந்தின நாளே வெட்டி வைத்த அட்டைகளைப் பிள்ளைகள் ஒட்டுவார்கள்; சுவரில் இருபது விளக்குத் தண்டுகள், இருபதும் ஒரே அச்சு. பெற்றோருக்கு மகிழ்ச்சி. பிள்ளை என்ன செய்தது? பசை தடவியது. யூதப் பள்ளிகளுக்குள்ளேயே இதை எதிர்த்துப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா நகரில் வளர்ந்த கல்விமுறையை அமெரிக்காவின் பல யூத மழலையர் பள்ளிகள் ஏற்றது இதனால்தான்: பொருளைக் கொடு, பிள்ளை என்ன செய்கிறது என்று பார், பார்த்ததை எழுதிவை.

பண்டிகையிலேயே எவ்வளவு கிடக்கிறது! ஹனுக்கா என்ற விளக்குப் பண்டிகையில் சுழற்றும் பம்பரத்துக்கு நான்கு பக்கம். ஒரு பக்கம் விழுந்தால் ஒன்றுமில்லை. ஒன்று விழுந்தால் நடுவில் இருப்பது முழுவதும் உனக்கு. ஒன்று விழுந்தால் பாதி. ஒன்று விழுந்தால் நீ போட வேண்டும். நடுவில் ஏழு பாதாம் இருக்கிறது, பாதி விழுந்துவிட்டது. எத்தனை எடுப்பது? ஐந்து வயதுப் பிள்ளைகள் கால் மணி நேரம் வாதாடுவார்கள். வாதாட விடுங்கள்! எட்டு இரவுகளில் முதல் நாள் ஒரு விளக்கு, மறுநாள் இரண்டு என்று ஏறும். ஏற்றி வைக்க நாள்தோறும் தனியாக ஒரு துணை விளக்கு. அப்படியானால் எத்தனை மெழுகுவர்த்தி வாங்க வேண்டும்? தரையில் அடுக்கி அடுக்கிப் பிள்ளைகளே 44 என்று கண்டுபிடிக்கட்டும்.

கடைசியாக ஓர் ஆசிரியை. விவியன் பேலி. 1929-ல் சிகாகோவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பள்ளியில் மழலையர் வகுப்பு எடுத்தவர். அது யூதப் பள்ளி அன்று. பிள்ளை கதை சொல்லும், அவர் அப்படியே எழுதிக்கொள்வார், பிறகு வகுப்பே சேர்ந்து அதை நடிக்கும். இதுதான் அவர் முறை. ஆண்டுக்கணக்கில் பிள்ளைகளின் விளையாட்டைக் கேட்டுக் கேட்டு, ஒன்று அவரை வருத்தியது. "நீ எங்களோடு விளையாடக் கூடாது." சில பிள்ளைகளுக்குத் தினமும் இந்தச் சொல் விழுந்தது. சேர்ப்பதும் விலக்குவதும் சிலருடைய உரிமையாகவே ஆகிவிட்டது. அவர் ஒரு விதியை முன்வைத்தார்: யாரையும் விளையாடக் கூடாது என்று சொல்லக் கூடாது. 1992-ல் அதைப் பற்றிய நூல் வெளிவந்தது.

படிக்காத பிள்ளையும் துணையாக உட்கார்ந்திருக்கட்டும் என்ற அந்தப் பழைய அறிவுரையோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். நடுவே எத்தனை நூற்றாண்டு!

ஆனால் பேலி அந்த விதியை உடனே நடைமுறைக்குக் கொண்டுவந்துவிடவில்லை. பிள்ளைகளோடு வாதிட்டார். ஒரு சிறுமி கடுமையாக எதிர்த்தாள்: நான் விரும்பியவர்களோடு விளையாட முடியாது என்றால் விளையாடுவதே எதற்கு? அவளை அவர் அடக்கவில்லை. அவளுடைய கேள்வியை எடுத்துக்கொண்டு மேல் வகுப்புகளுக்குப் போனார். ஐந்தாம் வகுப்பு வரை ஒவ்வொரு வகுப்பிலும் உட்கார்ந்து கேட்டார்: இந்த விதி நியாயமா? இது நடக்குமா? நியாயம்தான் என்றார்கள் பெரிய பிள்ளைகள். ஆனால் எங்களிடம் நடக்காது, எங்களுக்கு வயதாகிவிட்டது என்றார்கள். ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள் சொன்னது இது. இப்படி ஒரு விதி நிற்க வேண்டுமானால் மிகச் சிறியவர்களிடமே தொடங்குங்கள் என்று அவர்களே வழியும் சொன்னார்கள். பேலி தன் மழலையர் வகுப்புக்குத் திரும்பிப் போய் அங்கேதான் தொடங்கினார்.